முந்திரிப்பழத்துக்கு ஒரு நேர்வழி வேண்டும்

மார்ச் பிறந்துவிட்டால் பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்து முந்திரித் தோப்புகளில் ஒரு வாசனை எழும். உதிர்ந்து கிடக்கும் பழம் வெயிலில் புளிக்கிற வாசனை அது. கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை மரத்தடியிலேயே விட்டுவிடுகிறோம். ஆடு மாடு தின்றது போக மீதி மண்ணோடு போகிறது.

சென்ற பருவத்தில் அந்தப் பகுதியில் நடந்த ஒரு பயிற்சிக் கூட்டத்தில் கவாத்து, உரம், தேயிலைக் கொசுக் கட்டுப்பாடு எல்லாம் பேசி முடித்து, "சந்தேகம் இருந்தால் கேளுங்கள்" என்றேன். பின்வரிசையிலிருந்து ஓர் இளைஞர் கைப்பேசியோடு எழுந்தார்.

"சார், கோவாவுல இதே பழத்தைத்தான் காய்ச்சி பாட்டில்ல அடைச்சு விக்கிறாங்க. சர்க்கரையே சேக்காம, நம்ம நன்னாரி வேரை ஊறவச்சு வாசனையா ஒண்ணு பண்றாங்களாம். வீட்டுலயே செய்யலாம்னு வீடியோகூட இருக்கு. நாம மட்டும் ஏன் சார் கீழ கொட்டுறோம்?"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. மேடையில் இருந்த ஒருவர், "அதெல்லாம் இங்க பேசக்கூடாது தம்பி" என்று முடித்துவிட்டார். நானும் அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

போயிருக்கக் கூடாது. அந்தக் கேள்வியில் சிரிக்க ஒன்றுமில்லை. பழத்தின் எடை கொட்டையைப் போல் 5 முதல் 10 மடங்கு இருக்கும். ஒரு தோப்பில் 300 கிலோ கொட்டை எடுத்தால், குறைந்தது ஒன்றரை டன் பழத்தை மரத்தடியில் விட்டுவிட்டு வருகிறோம் என்று பொருள். அதைக் காசாக்க வழி உண்டா என்று ஒரு விவசாயி கேட்கிறார். நாம் பதில் சொல்லாவிட்டால் கைப்பேசி சொல்லும். அது சொல்லும் பதில் உயிருக்கே உலை வைக்கலாம். அன்று சொல்லாத பதிலை இன்று எழுதுகிறேன்.

கோவாவில் நடப்பது என்ன?

முந்திரி நம் மண்ணின் மரமல்ல. பிரேசிலிலிருந்து 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது. கோவாவில் அதன் பழத்திலிருந்து ஃபெனி என்ற மதுவைக் காய்ச்சும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக வருகிறது. தானாகக் கனிந்து உதிர்ந்த பழத்தை மட்டும் பொறுக்குகிறார்கள். கொட்டையை நீக்கி, பழத்தைத் தொட்டியில் போட்டு மிதித்து, சக்கையின்மேல் பாரம் ஏற்றிச் சாறு வடிக்கிறார்கள். கடைசியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கும் தெளிந்த சாற்றுக்கு 'நீரோ' என்று பெயர். அதில் மது இல்லை. அப்படியே குடிக்கிறார்கள். மற்ற சாறு சில நாள் தானாகப் புளிக்கிறது. அதை ஒருமுறை காய்ச்சி வடித்தால் 'உர்ராக்' என்ற வீரியம் குறைந்த மது. மறுபடியும் வடித்தால் ஃபெனி. அதில் சாராயச்சத்து 42 சதவீதம் அளவுக்கு இருக்கும்.

அந்த இளைஞர் சொன்ன நன்னாரி விஷயமும் உண்மைதான். ஃபெனியில் நன்னாரி வேரை ஊறவைத்து எடுப்பதற்கு அங்கே 'துக்‌ஷிரி' என்று பெயர். நாம் சர்பத்துக்குப் பயன்படுத்தும் அதே கொடிதான். நன்னாரியின் மணத்துக்குக் காரணமான வேதிப்பொருளும் வெனிலாவின் மணத்துக்குக் காரணமான வெனிலினும் ஒரே மூலக்கூறு வாய்பாடு கொண்டவை. அணுக்களின் அடுக்குதான் வேறு. அதனால்தான் சர்க்கரை சேர்க்காமலே நன்னாரியில் ஓர் இனிப்பு வாசனை நமக்குத் தெரிகிறது.

ஆனால் வீடியோவில் காட்டாத ஒன்று உண்டு. கோவாவில் ஃபெனி காய்ச்சுவது அவரவர் அடுப்படியில் இஷ்டத்துக்குச் செய்யும் வேலையல்ல. ஆயத்தீர்வைத் துறையின் உரிமம் வேண்டும். முந்திரிப் பகுதிகளை மண்டலங்களாகப் பிரித்து ஏலம் விடும் முறை இருக்கிறது. 2009-இல் முந்திரி ஃபெனிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2016-இல் அம்மாநில அரசு அதை மாநிலத்தின் பாரம்பரிய பானமாக அறிவித்தது. 2021-இல் அதற்கெனத் தனிக் கொள்கையும் வந்தது. பாட்டிலில் இருப்பது பழச்சாறு மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. அதன் பின்னால் சட்டமும் மேற்பார்வையும் பல தலைமுறைக் கைப்பழக்கமும் இருக்கின்றன.

சர்க்கரை எங்கே போகிறது?

'சர்க்கரை இல்லாத மது, அதனால் கெடுதல் இல்லை' என்று வீடியோக்கள் சொல்கின்றன. இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பழச்சாறு புளிக்கும்போது ஈஸ்ட் என்ற நொதி உயிரி சர்க்கரையைத் தின்று, ஏறத்தாழ பாதி எடைக்குச் சாராயச்சத்தாகவும் மீதியைக் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. மிச்சம் மீதி சர்க்கரை இருந்தாலும் அது ஆவியாகாது. பானையிலேயே தங்கிவிடும். ஆகவே காய்ச்சி வடித்த எந்த மதுவிலும் வடிக்கும்போது சர்க்கரை இருப்பதில்லை. இனிப்பு இருந்தால் அது பிறகு சேர்த்தது. ஐரோப்பாவில் 'லிக்கர்' வகை மதுவுக்கு லிட்டருக்குக் குறைந்தது 100 கிராம் சர்க்கரை வேண்டும் என்றே பொது விதி இருக்கிறது. துக்‌ஷிரி போன்றவற்றில் அது சேர்ப்பதில்லை. அந்த அளவில் 'சர்க்கரை குறைவு' என்பது சரி.

ஆனால் சர்க்கரை ஒரு கிராமில் 4 கலோரி என்றால், சாராயச்சத்து ஒரு கிராமில் 7 கலோரி. 30 மில்லி ஃபெனியில் சுமார் 10 கிராம் சாராயச்சத்து, அதாவது 70 கலோரி இருக்கிறது. அதில் லிக்கர் அளவுக்குச் சர்க்கரை சேர்த்தாலும் கூடுவது 3 கிராம், 12 கலோரிதான். சர்க்கரையை விலக்கி மிச்சப்படுத்தியது அந்தப் பன்னிரண்டை மட்டுமே. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. கல்லீரல் இரத்தத்தில் சர்க்கரை விடுவதைச் சாராயச்சத்து தடுக்கும். வெறும் வயிற்றில் குடித்தால் சர்க்கரை அளவு திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். 'சர்க்கரை இல்லை' என்ற சொல்லை நம்பி இதில் இறங்குகிறவர் நீரிழிவுக்காரர்தான் என்பதை மறக்க வேண்டாம்.

நம் வீட்டில் ஏன் கூடாது?

முதல் காரணம் சட்டம். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-இன்படி உரிமம் இல்லாமல் மது காய்ச்சுவது குற்றம். 'என் தோப்புப் பழம், என் வீட்டுக்கு மட்டும்' என்ற சமாதானம் செல்லாது. 2024 ஜூனில் சட்டமன்றம் இந்தச் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கடுமையாக்கியது. கள்ளச்சாராயத்தால் உயிர் போனால் ஆயுள் சிறையும் 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்க இடமிருக்கிறது.

அந்தத் திருத்தம் ஏன் வந்தது என்று உங்களுக்குத் தெரியும். கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அதே மாதம் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். முந்தைய ஆண்டு மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள். மெத்தனால் கலந்த சாராயம்தான் இரண்டிலும் காரணம். உடம்புக்குள் போன மெத்தனாலைக் கல்லீரல் பார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அது கண் நரம்பைத் தாக்கிப் பார்வையைப் பறிக்கும். பிறகு உயிரையும் பறிக்கும்.

"அது தொழிற்சாலை விஷம் கலந்தது. நாம் பழம்தானே காய்ச்சுகிறோம்?" என்று கேட்கலாம். அந்தச் சாவுகளுக்குக் காரணம் ஆலையிலிருந்து வந்த மெத்தனால்தான் என்பது சரி. ஆனால் பழத்தில் பெக்டின் என்ற பொருள் இருக்கிறது. ஜாம் கெட்டியாவது அதனால்தான். பழம் புளிக்கும்போது அது சிதைந்து கொஞ்சம் மெத்தனால் உண்டாகவே செய்யும். உரிமம் பெற்ற ஆலையில் ஆய்வகம் வைத்து அதன் அளவைப் பார்க்கிறார்கள். வீட்டில் பார்க்க வழியில்லை. மெத்தனாலுக்குத் தனி ருசியோ வாசனையோ கிடையாது. பற்றவைத்துச் சுடரின் நிறத்தைப் பார்ப்பது, ஸ்பூனில் ஊற்றிப் பார்ப்பது என்று சொல்லப்படும் எந்தச் சோதனையையும் நம்ப முடியாது. இதோடு அடுப்பு நெருப்பின் பக்கத்தில் சாராய ஆவி கசிந்தால் வீடே பற்றும். விஷமும் நெருப்பும் போதாதென்று, ஒருவர் காய்ச்சத் தொடங்கினால் அடுத்த மாதமே 'வீரியம் கூட்ட' எதையாவது கலக்கச் சொல்லும் கூட்டம் வாசலுக்கு வந்துவிடும். கடலூர் மாவட்டத்துக்கு அடுத்த மாவட்டம்தான் கள்ளக்குறிச்சி. இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே அந்தத் தம்பிக்கு என் பதில்: வேண்டாம். அரை லிட்டர்கூட வேண்டாம்.

அதே பழம், அதே வேர்

வேண்டாம் என்பதோடு நிறுத்தினால் பழம் மறுபடியும் மரத்தடியில்தான் கிடக்கும். முந்திரிப்பழத்தில் ஆரஞ்சைப்போலப் பல மடங்கு வைட்டமின் சி இருக்கிறது. அதை யாரும் குடிக்காததற்குக் காரணம் தொண்டையைக் கரகரக்க வைக்கும் துவர்ப்பு. துவர்ப்புக்குக் காரணமான டானினை எளிதாகப் பிரித்துவிடலாம். கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் மாடக்கத்தரை முந்திரி ஆராய்ச்சி நிலையம் இதற்கு ஜவ்வரிசி முறையைப் பரப்பியது. அதை நன்னாரியோடு சேர்த்துச் செய்யும் சர்க்கரை குறைந்த பானம் ஒன்றைச் சொல்கிறேன்.

கனிந்த, அடிபடாத பழத்தை விழுந்த அன்றே எடுங்கள். முடிந்தால் கையால் பறியுங்கள். நல்ல தண்ணீரில் கழுவி, கொட்டையை நீக்கிப் பிழிந்து வடிகட்டுங்கள். எவர்சில்வர் பாத்திரமும் கத்தியும் பயன்படுத்துங்கள். இரும்பு பட்டால் சாறு கறுக்கும். ஒரு லிட்டர் சாற்றுக்கு 5 கிராம் ஜவ்வரிசியைப் பொடித்து, கொஞ்சம் தண்ணீரில் கஞ்சியாகக் காய்ச்சி ஆறவைத்துச் சாற்றில் கலக்குங்கள். குளிர்சாதனப் பெட்டியில் 12 மணி நேரம் அசையாமல் வைத்தால் துவர்ப்பு அடியில் படியும். மேலே தெளிந்து நிற்கும் சாற்றை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள்.

நன்னாரி வேரைக் கழுவித் தட்டி, நடுவிலுள்ள கட்டை நரம்பை எடுத்துவிடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, 20 கிராம் வேரைப் போட்டு மூடி, இரவு முழுவதும் ஊறவிடுங்கள். வேரைப் போட்டபின் கொதிக்கவைக்க வேண்டாம். நன்னாரியின் மணம் நீராவியோடு பறந்துவிடும்.

ஒரு பங்கு சாற்றுக்கு நான்கு பங்கு நன்னாரி நீர் சேருங்கள். எலுமிச்சைச் சாறும் ஒரு சிட்டிகை உப்பும் போதும். முந்திரிச் சாற்றில் இயல்பாகவே நூற்றுக்கு 10 முதல் 12 கிராம் சர்க்கரை இருக்கும். ஐந்தில் ஒரு பங்காகக் கலந்தால் 100 மில்லியில் 2 முதல் 2.4 கிராம்தான். நீர்ம உணவில் 100 மில்லிக்கு 2.5 கிராமுக்கு மேல் சர்க்கரை இல்லாவிட்டால் 'சர்க்கரை குறைந்தது' என்று குறிப்பிட இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி இடம்கொடுக்கிறது. சாற்றை அப்படியே அடைத்துவிட்டு 'சர்க்கரை சேர்க்கவில்லை' என்று சொல்வது வேறு. அதில் சர்க்கரை நிறையவே இருக்கிறது. இந்த வித்தியாசத்தை வாங்குகிறவருக்கு மறைக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. சர்பத் மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதற்கு அதிலுள்ள சர்க்கரைதான் காவல். மதுவுக்குச் சாராயச்சத்து காவல். இந்தப் பானத்தில் இரண்டும் இல்லை. ஆகவே ஆவி பறக்கச் சூடாக்கி, கொதிநீரில் போட்டெடுத்த பாட்டிலில் சூடாகவே அடைத்து, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மூன்று நான்கு நாளில் குடித்துவிட வேண்டும். நுரை கட்டினால், மூடி உப்பினால் கொட்டிவிடுங்கள். எலுமிச்சை சேர்ப்பது ருசிக்கு மட்டுமல்ல. புளிப்பு கூடினால் கிருமி வளர்வது குறையும். விற்க நினைத்தால் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். எந்த வகையில் பதிவு செய்வது என்பதை வட்டார உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.

தோப்பிலும் பழக்கம் மாற வேண்டும். கொட்டைக்காக மட்டும் மருந்தடித்தபோது பழத்தைப் பற்றி நாம் யோசிக்கவில்லை. பழத்தைக் குடிக்கப்போகிறோம் என்றால், தேயிலைக் கொசுவுக்குக் கடைசியாக அடித்த மருந்தின் காத்திருப்புக் காலம் முடிந்த பிறகே பறிக்க வேண்டும். மருந்துப் பொட்டலத்தில் அது அச்சிடப்பட்டிருக்கும். நன்னாரியையும் காட்டில் தோண்டித் தீர்த்துவிடாதீர்கள். வேரைத் தோண்டினால் கொடி போயிற்று. வரப்போரத்தில் நட்டு, இரண்டு ஆண்டு பொறுத்து எடுங்கள். மிஞ்சிய பழத்தை மாட்டுக்குப் போடுவதிலும் அளவு வேண்டும். புளித்த பழத்தை வயிறு முட்டத் தின்ற மாட்டுக்கு அமில நோய் வரும்.

கேட்க வேண்டியதைக் கேட்போம்

வீட்டுக்கு வேண்டிய ஐந்து பாட்டிலுக்கு மேலே சொன்னது போதும். ஊரெல்லாம் உதிரும் பழத்துக்குப் போதாது. பழம் ஒரே நாளில் கெடுகிறது. பருவமோ மூன்று மாதம். காலையில் பொறுக்கிய பழத்தை மதியத்துக்குள் வாங்கிச் சாறு பிழிந்து குளிரவைக்கும் நிலையம் தோப்புக்குப் பக்கத்தில் இல்லாவிட்டால் எந்தச் செய்முறையும் காகிதத்தில்தான் இருக்கும். ஒரு தனி விவசாயியால் இதைச் செய்ய முடியாது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் செய்யலாம். அதற்கு அரசு தோள் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, புளிக்கவைத்துச் செய்யும் பொருள்களுக்குத் தெளிவான எழுத்து விதி வேண்டும். பழக்காடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஊறுகாய்க்கும் சமையலுக்கும் கெடாமல் நிற்கும் நல்ல சரக்கு அது. 3.75 சதவீதத்துக்குக் குறையாத அசிட்டிக் அமிலம் இருக்க வேண்டும் என்பது அதற்கான தர விதி. ஆனால் சாறு காடியாகும் வழியில் முதலில் சாராயச்சத்து உண்டாகி, பிறகே அமிலமாகிறது. அந்த இடைப்பட்ட நாள்களில் வந்து பானையைத் திறந்து பார்க்கும் காவலருக்கு அது காடியா, ஊறலா? இந்தக் கேள்விக்கு விடையில்லாமல் எந்த விவசாயி முதல் போடுவார்? தொடங்க நினைப்பவர்கள் மாவட்ட மதுவிலக்கு, ஆயத்தீர்வை அலுவலகத்தில் எழுத்திலேயே கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்கிய பிறகு தொடங்குங்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கேட்கும் நிலையை மாற்றி, கிராமத் தொழிலாகக் காடி செய்வோருக்கு ஒரே வழிகாட்டுதலை அரசு வெளியிடுவது அதைவிட நல்லது.

கேரளம் 2022-இல் பழங்களிலிருந்து வீரியம் குறைந்த ஒயின் தயாரிக்கச் சிறு நிலையங்களுக்கு உரிமம் தரும் விதிகளைக் கொண்டுவந்தது. நம் மாநிலமும் அதைச் செய்யலாமா என்பது பெரிய விவாதம். 1987 முதல் கள்ளுக்குத் தடை இருக்கும் மாநிலம் இது. குடியால் சிதைந்த குடும்பங்களையும் நாம் தினமும் பார்க்கிறோம். என்னைக் கேட்டால், மதுவுக்கு முன்னால் சாறும் காடியும் வரட்டும் என்பேன். அவற்றுக்கே வழி திறக்காமல் ஃபெனியைப் பற்றிப் பேசுவது கட்டாத வீட்டுக்குக் கதவு தேடுவது போல.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கேள்வி உங்கள் கூட்டத்திலும் வரும். 'இங்கே பேசக்கூடாது' என்று உட்காரவைக்காதீர்கள். சட்டம் என்ன, மெத்தனால் என்ன செய்யும் என்பதை இரண்டே நிமிடத்தில் சொல்லிவிட்டு, ஒரு கிண்ணம் ஜவ்வரிசிக் கஞ்சியை எடுத்துச் சாற்றைத் தெளியவைத்துக் காட்டுங்கள். கேட்டவர் கையில் ஒரு தம்ளர் கொடுங்கள்.

வரும் பருவத்தில் நானும் அந்த ஊருக்குத் திரும்பப் போகிறேன். பின்வரிசைத் தம்பியைத் தேடிப் பிடித்து முதல் தம்ளரை அவரிடம்தான் கொடுக்க வேண்டும். அவருக்கு நான் ஒரு பதில் பாக்கி வைத்திருக்கிறேன்.